கடற்கரையில் கிளம்பி காபி மலை ஏறியவர்களே, வழியில் நடந்த, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

பழைய டீசல்

நானே தொடங்கி வைக்கிறேன். போன மழைக்காலம், சார்மாடி மலைப்பாதை. மங்களூரில் மீன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உஜிரே வழியாக ஏறினோம். சிக்கமகளூர்ப் பக்கம் போக அதுதான் வசதி. பாதையை விவரிக்க வேண்டாம், ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் குட்டைச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருப்பது நல்லது.

கொஞ்சம் ஏறியதுமே மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் ஒரு பிக்அப் வண்டி. மங்களூரிலிருந்து மலைக்கு மீன் கொண்டுபோகிற வண்டி என்பது பின்கதவு வழியாக வடிகிற ஐஸ் தண்ணீரிலேயே தெரிந்தது. அதன் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தோம். ஒரு கட்டத்தில் அதுவும் நின்றுவிட்டது. கிளீனர் பையன் இறங்கினான். உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தான். அவன் பின்னால் பிக்அப், அதன் பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் இன்னும் யார் யாரோ.

ஒரு வளைவில் அவன் சட்டென்று நின்று கையைத் தூக்கினான். மீன் வண்டிக்காரர் எஞ்சினை அணைத்தார். நானும் அணைத்தேன். ஒன்றும் இல்லை. மழைச் சத்தம் மட்டும். பின்னாலிருந்து ஒருவர் ஹாரன் அடித்தார், பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை இறங்கவே இல்லை. அப்புறம் சரளைக்கல் உருள்கிற மாதிரி ஒரு சத்தம். அதன் பின்னாலேயே ஆட்டுக்கல் அளவில் ஒரு பாறை மேலிருந்து விழுந்து, ரோட்டைக் குறுக்கே தாண்டி, சுவரில் ஒரு மூலையை உடைத்துக்கொண்டு கீழே போனது. பையன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு கையை ஆட்டிவிட்டு மறுபடி நடந்தான்.

மேலே கொட்டிகெஹாராவில் நீர்தோசை சாப்பிடும்போது அந்த வண்டியும் நின்றது. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நீரு நோடி சார்" என்றான். தண்ணியைப் பாருங்க என்கிறான். எந்தத் தண்ணி? கேட்பதற்குள் டிரைவர் கூப்பிட்டுவிட்டார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நெய்தல்

மலைக்கு ஏறுவதற்கு முன்னாலேயே எங்களுடையது நடந்துவிட்டது. கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு. மணலிலேயே 4 கிலோமீட்டர் கார் ஓட்டலாம் என்று எல்லோரும் வீடியோ போடுகிறார்களே, அதே இடம். அங்கிருந்து இரிட்டி, மாக்கூட்டம் வழியாகக் குடகு போவதாகத் திட்டம்.

எங்கள் கார் நல்லபடியாகத்தான் இருந்தது. முன்னால் போன ஒரு ஜோடி ஈர மணலை விட்டுக் கடலோரமாக இன்னும் கொஞ்சம் இறங்கிவிட்டார்கள். நின்று படம் எடுத்தார்கள். திரும்ப எடுக்கும்போது சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. ஓதம் ஏறுகிற நேரம் வேறு. ஒவ்வொரு அலைக்கும் சக்கரத்துக்கு அடியில் இருந்த மணல் கரைந்து போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

மீன்பிடிக்கிற அண்ணன்மார்கள் சிலர் வடத்தோடு வந்தார்கள். எல்லோரும் காரைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம். வயதான ஒருவர் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அலை ஒன்று வந்தது, அசையவில்லை. இன்னொன்று, அசையவில்லை. தண்ணீர் கதவு வரை வந்துவிட்டது, அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டார். திடீரென்று "இப்போ!" என்று ஒரு சத்தம். எல்லோரும் இழுத்தோம். அடுத்த அலை வருவதற்குள் கார் வெளியே வந்துவிட்டது. கடல் எப்போது கொஞ்சம் மூச்சு விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த ஜோடியில் வண்டி ஓட்டியவர் பணம் எடுத்து நீட்டினார். பெரியவர் வாங்கிக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. கதைகளில் மட்டும்தான் எல்லோரும் பணம் வேண்டாம் என்பார்கள்.

மிளகுக்கொடி

பழைய டீசல் அண்ணா, நான் முடிகெரே பக்கம் கொஞ்ச வருஷம் வேலை பார்த்தவள். அந்தப் பையன் சொன்ன தண்ணி, பாறைப் பக்கமாக ஓடுகிற ஓடைத் தண்ணி. மழையில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது பெரும்பாலும் தெளிவாகத்தான் வரும். மேலே மண் இளகினால் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். சில சமயம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று குறைந்துபோகும், மேலே எதுவோ சரிந்து அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதுதான் இன்னும் ஆபத்து. அப்புறம் பொடிக்கல் விழும். பெரிய கல் கடைசியாகத்தான் வரும்.

2019 ஆகஸ்டில் அந்தப் பாதை நிலச்சரிவில் அடைபட்டு மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதற்குப் பிறகு அங்கே வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டுவதில்லை. நடந்து போனால் காலடியில் தண்ணியின் நிறம் தெரியும், காருக்குள் இருந்தால் தெரியாது. அதனால்தான் இறங்கி நடந்திருக்கிறான். மூடுபனிக்காக மட்டும் இல்லை.

ஒத்தையடி

சரி, என் பங்கு. செராய் கடற்கரையில் காலையில் குளித்துவிட்டு சாலக்குடி, அதிரப்பள்ளி, வாழச்சால், மலக்கப்பாறை, வால்பாறை. வாழச்சால் செக்போஸ்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டுதான் விடுவார்கள். அதிலிருந்து மலக்கப்பாறை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் காடு. பெரும்பாலான இடத்தில் போனில் சிக்னல் கிடையாது.

கபாலி என்ற கொம்பன் யானையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-ல் ஒரு பேருந்தை 8 கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே போக வைத்தது அவன்தான், செய்தியில் எல்லாம் வந்தது. நாங்கள் பார்த்தது அவன்தானா என்று தெரியாது, சொல்லிக்கொள்ள ஆசைதான்.

ஒரு வளைவு திரும்பினால் முன்னால் பஸ் நிற்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் ஈற்றை மூங்கில் காட்டை ஒட்டி ஒற்றை ஆண் யானை. தின்றுகொண்டிருந்தது. எங்களுக்குப் பின்னால் பைக்குகள், ஒரு ஜீப். கொஞ்ச நேரத்தில் யானை தின்பதை நிறுத்திவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. பஸ் பின்னோக்கி வர ஆரம்பித்தது. பஸ் வந்தால் நாங்கள் போக வேண்டும், நாங்கள் போனால் ஜீப் போக வேண்டும், ரோடு ஒரு வண்டி அகலம்.

எனக்கு மறக்காதது யானை இல்லை. பஸ்ஸின் பின் கண்ணாடியில் ஒரு பாட்டி. வெற்றிலை மென்றுகொண்டே எங்களைப் பார்த்துக் கையை அசைக்கிறார். போ, போ. இந்தப் பக்கம் கொஞ்சம். நில்லு. இப்ப போ. டிரைவருக்குக் கண்ணாடியில் தெரியாததை எல்லாம் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பி யானையைப் பார்க்கவில்லை. முகத்தில் சலிப்பு, அவ்வளவுதான், சாயங்காலம் நேரத்துக்கு வீடு போக முடியாதே என்ற சலிப்பு. என் மனைவி ஸ்டியரிங்கில், நான் தலையை வெளியே நீட்டி பின்னால் பார்த்துக்கொண்டு, பாட்டி முன்னால் கை காட்டிக்கொண்டு, அப்படியே அகலமான ஒரு இடம் வரும் வரை வந்தோம். யானை எங்கேயோ பள்ளத்தில் இறங்கிப் போய்விட்டது.

மலக்கப்பாறையில் பஸ் நின்றபோது பாட்டி இறங்கினார். நான் கும்பிட்டேன். "ரிவர்ஸ் படிக்கணும் மோனே" என்றார். காரை ஓட்டியது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

கியர் மாமா

ஒத்தையடி தம்பி, தப்பா நினைக்காதீங்க. தலையை வெளியே நீட்டியது சரியில்லை. எழுதியிருப்பதைப் பார்த்தால் யானைக்கும் உங்களுக்கும் நடுவில் பஸ் இருந்ததால் பிழைத்தீர்கள். இதைப் படிக்கிற புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

யானையைக் கண்டால் முதலில் தூரம். எவ்வளவு முன்னாலேயே நிறுத்த முடியுமோ அவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும். ஹாரன் கூடாது, ஹைபீம் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் கூடாது, இறங்கவே கூடாது. சிலர் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பார்கள். தூரத்தில் கூட்டம் கடக்கும்போது அது சரி. தனிக் கொம்பன் ரோட்டில் நிற்கும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும், ரிவர்ஸ் கியர் கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். காது ஆட்டிக்கொண்டு தின்கிற வரைக்கும் பயமில்லை. காது ஆட்டம் நின்று, தலை நிமிர்ந்தால் அது உங்களைக் கவனிக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரமாக வழிந்திருந்தால் மதநீர், அப்போது எந்த வீரமும் வேண்டாம்.

அடுத்தது, மலையில் ரிவர்ஸ் வருவது. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. இது வெறும் மரியாதை இல்லை, 2017-ல் வந்த வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலும் இருக்கிறது. இறங்குகிறவர்தான் ஒதுங்க வேண்டும். ஏறி வருகிறவர் நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவதற்குள் கிளட்ச் கருகிவிடும். இன்றைக்கு யார் கேட்கிறார்கள்?

இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். இதை எங்கள் காலத்தில் லைசென்ஸ் எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லித் தருவார்கள். இப்போது எல்லாம் ஆட்டோமேட்டிக், டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆழியாறு வரைக்கும் இறங்குகிறார்கள். உங்கள் வண்டியில் எல் இருக்கும், அல்லது எஸ், அல்லது மேனுவல் மோடு. அது அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் பேடு சூடாகிப் பிடிப்புப் போகும், அதற்கு மேல் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழையதாக ஆக ஆகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். எத்தனை பேர் மாற்றுகிறீர்கள்? நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் தண்ணீர் பட்டால் டிஸ்க் நெளியும், விரிசல்கூட விடும். ஹேண்ட்பிரேக்கை இறுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, தானாக ஆறும் வரை காத்திருங்கள்.

மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம், பாக்லாம்ப் இருந்தால் அது. ஓடிக்கொண்டே நான்கு பக்கமும் இண்டிகேட்டர் மினுக்குவது பெரிய வியாதி. நிற்கிறாயா போகிறாயா, திரும்புகிறாயா, பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

என் அனுபவம் என்றால், வால்பாறையின் 40 கொண்டை ஊசியில் ஒன்பதாவது, அந்த லோம்ஸ் வியூ இருக்கிறதே, அங்கே ஒரு வேன் சக்கரத்தில் புகை. குடத்துத் தண்ணீரை ஊற்றப் போனார்கள். நான் தடுத்தேன். அதற்குள் வேனிலிருந்து இறங்கிய பிள்ளைகள் பாறையில் நின்ற வரையாட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடிவிட்டார்கள். பிரேக் போன வேனில் இருந்தோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஒத்தையடி

மாமா, நன்றி. ஆனால் வண்டியை ஓட்டியது என் மனைவி, அவள் இதை எல்லாம் ஏற்கெனவே எனக்குச் சொல்லிவிட்டாள். நீங்கள் சொன்னதைவிடச் சுருக்கமாக.

பாம்பன் காற்று

நான் சொல்லப்போவதில் யானையும் இல்லை, பாறையும் இல்லை. பரவாயில்லையா?

மங்களூரிலிருந்து மடிக்கேரி போகிற வழி. புத்தூர், சுள்ளியா, சம்பாஜே, அப்புறம் ஏற்றம். சுள்ளியா தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு அம்மா, எழுபதை நெருங்கியிருப்பார், பையோடு பஸ்ஸுக்காக நின்றிருந்தார். எங்கள் காரின் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கிட்டே வந்து, "அறுபத்தஞ்சு எந்த ஊருங்க தம்பி?" என்றார்.

"ராமநாதபுரம்மா."

"மண்டபம் அந்தப் பக்கந்தானே?"

அந்தத் தமிழ் நம்ம பக்கத்துத் தமிழ் இல்லை. இலங்கை மலையகத் தமிழ். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்திருப்போம், 1964. லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்புவது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தது. அதில் வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து நேராகக் கர்நாடகத்துக்கு, ரப்பர் வெட்ட.

"நான் அப்பச் சின்னப் புள்ள. தம்பி என் இடுப்புல. தமிழ்நாட்டுல நாங்க இருந்ததே அந்த மண்டபத்துல இருந்த கொஞ்ச நாளுதான்" என்றார். அதன்பிறகு காரின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கேட்டார், "ரெண்டு பக்கமும் கடல் இருக்குமே, இப்பவும் இருக்கா?"

நான் அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்தவன். ஒரு பக்கம் பாக் விரிகுடா, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. இருக்கிறதா என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. இருக்கும்மா என்றேன். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காப்பிக் காலத்திலேயே கடல் தாண்டிப் போனவர் என்றார். அதாவது இலங்கை மலையில் தேயிலை வருவதற்கு முன்னால். 1869-ல் இலைத்துரு நோய் வந்து காபியை அழித்த பிறகுதான் அங்கே தேயிலை பெரிதானது. நாங்களோ அன்றைக்கு மலைமேல் காபித் தோட்டத்தில் தங்குவதற்காக, ஹோட்டல் அறை எல்லாம் பதிவு செய்துகொண்டு போய்க்கொண்டிருக்கிறோம்.

எந்தத் தோட்டம்மா என்று கேட்டேன். "டிக்கோயா பக்கம்..." என்று ஆரம்பித்தார். பஸ் வந்துவிட்டது. கண்டக்டரிடம் கன்னடத்தில் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே ஏறினார். ஜன்னலிலிருந்து எதையோ சொன்னார், கேட்கவில்லை.

சனிக்கிழமை சவாரி

பாம்பன் காற்றுக்குப் பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும்.

குடகு, விராஜ்பேட்டையைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் தங்கினோம். மார்ச் மாதம். கண்ணூர் கடற்கரையில் வெந்துவிட்டு மேலே போயிருந்தோம். ராத்திரி சாப்பிடும்போது மழை ஆரம்பித்தது. நாங்கள் ஊர் சுற்றப் போட்ட திட்டம் எல்லாம் போச்சு என்று புலம்பல். வீட்டுக்காரர் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு டார்ச்சோடு முற்றத்துக்கு ஓடினார். முற்றத்தில் மழைமானி, தகரத்தில் ஒரு உருளை. நனைந்துகொண்டே அதன் பக்கத்தில் நின்றார். போன் விடாமல் அடித்தது. எல்லாத் தோட்டத்துக்காரர்களும் ஒருவரையொருவர் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்: உங்களுக்கு எத்தனை சென்ட்? அங்கே மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும்தான் சொல்கிறார்கள், 100 சென்ட் ஒரு அங்குலம்.

அது பூமழை. மொட்டு விட்டு வறண்டு நிற்கிற காபிச் செடிக்கு அந்த நேரத்தில் ஒரு நல்ல மழை, ஒரு அங்குலமாவது, வேண்டும். பெய்தால் பத்து நாளுக்குள் மலை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை வாசம் அடிக்கும். அரைகுறையாகப் பெய்தால் மொட்டு சரியாக விரியாது, அந்த வருஷத்துக் காபியே அடிபடும்.

திடீரென்று மழை விட்டது. நாங்கள் ஒருத்தர் விடாமல் "ஹேய்ய்" என்று கத்திக் கை தட்டினோம். அவர் டார்ச்சை அடித்து மழைமானியைப் பார்த்தார். "நாற்பது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே. உள்ளே வந்து எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாளைக்கு உங்கள் டிரிப்புக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லி, ஆறிப்போன சோற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

கியர் மாமா

ஸ்பிரிங்க்ளர் போட்டுக்கொள்ளலாமே. குடகில் பல தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

மிளகுக்கொடி

போடலாம் மாமா, குளத்தில் தண்ணி இருந்தால். ரொபஸ்டா வகைக் காபி வைத்திருப்பவர்கள் பலர் அப்படித்தான் பூக்க வைக்கிறார்கள். ஆனால் கோடை முழுக்க இறைத்துக் குளம் அடிமட்டத்துக்குப் போயிருக்கிற வருஷமும் உண்டு, டீசல் செலவும் உண்டு. இன்னொரு சிக்கல், அரைகுறை மழைக்குக் கொஞ்சம் பூத்து, அடுத்த மழைக்கு மீதி பூத்தால், பழமும் ஒரே சமயத்தில் பழுக்காது. பறிக்கிறவர்கள் ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். கூலி எகிறும். சரியாகப் பூத்திருக்கும்போது மேலே மழை கொட்டினாலும் கெடுதல்தான், ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் வேண்டும், தேனீ வர வேண்டும். மழை எப்போது பெய்ய வேண்டும், எப்போது பெய்யக் கூடாது என்று அவர்கள் போடுகிற கணக்கைக் கேட்டால் நாம் வானிலை செயலியைத் தூக்கிப் போட்டுவிடுவோம்.

ராத்திரி ரவுண்டு

மைசூரிலிருந்து வயநாடு. குண்டல்பேட்டையில் ஒருத்தன் சூரியகாந்தித் தோட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்ல, இன்னொருத்தன் டீ என்று சொல்ல, மத்தூர் செக்போஸ்டுக்குப் போவதற்குள் 9 மணி தாண்டிவிட்டது. பந்திப்பூர் காடு ராத்திரி 9-லிருந்து காலை 6 வரை அடைப்பு, 2009-லிருந்து அப்படித்தான். ஆம்புலன்ஸுக்கும் சில அரசு பஸ்ஸுக்கும் மட்டும் விலக்கு. நாங்கள் கெஞ்சிப் பார்த்தோம். சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள்.

வரிசையாக லாரிகள். ஒரு நாமக்கல் வண்டிக்காரர் பக்கத்தில் அடுப்பு மூட்டியிருந்தார். "ஏனுங்க, சாப்ட்டீங்களா?" என்றார். ரசம், சோறு, சுட்ட அப்பளம். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே இந்தச் சட்டத்தைத் திட்டுகிறோம். வியாபாரம் கெடுகிறது, சுற்றிப் போனால் நேரம் போகிறது, என்ன நாடு இது என்று. அவர் கேட்டுக்கொண்டே தார்ப்பாயை விரித்தார்.

"எனக்கு இந்த ரூட்டுத்தாங்க புடிக்கும்" என்றார். "மத்த ரோட்டுல ராத்திரி எங்க நிறுத்துனாலும் ஓனரு போன் பண்ணுவாருங்க, ஏன் நிக்கற, எங்க நிக்கறன்னு. இங்க கேட்டு மூடுனா அவரே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. ஒம்பதுல இருந்து ஆறு வரைக்கும் முழுசா படுப்பனுங்க." சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை.

மான், யானை, புலிக்காகப் போட்ட தடை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கியர் மாமா

அவசரம் என்றால் ஹுன்சூர், கோணிகொப்பல், குட்டா, மானந்தவாடி வழி இருக்கிறது. கர்நாடக அரசே மாற்றுப் பாதை என்று காட்டுவது அதைத்தான். தூரம் கூடுதல், ஆனால் ராத்திரியில் போகலாம்.

ராத்திரி ரவுண்டு

தெரியும் மாமா. ஆனால் ரசம் அங்கே கிடைத்திருக்காது.

கூடலூரான்

பாம்பன் காற்று, உங்கள் பதிவை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாங்களும் அதே ஒப்பந்தத்தில் வந்த குடும்பம்தான். எங்கள் பங்குக்கு நீலகிரி கிடைத்தது, 1968-ல் அரசாங்கம் தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டம். ஒரே கப்பலில் வந்தவர்களையே பிரித்துப் பிரித்து அனுப்பினார்கள் என்று அம்மா சொல்வார். யாருக்கு எந்த ஊர் என்று மண்டபத்தில்தான் தெரியும். அம்மாவின் சித்தி குடும்பம் சுள்ளியாவுக்குப் போனது, கர்நாடக வன வளர்ச்சிக் கழகத்தின் ரப்பர் தோட்டம். விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டப் போவார்கள், வெயில் ஏறினால் பால் நன்றாக வடியாது. அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம், வீட்டில் இன்னும் அந்தத் தமிழ். கல்யாணம், சாவு என்றால் கூடலூருக்கு வருவார்கள், நாங்கள் போவோம்.

டிக்கோயா என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து வந்தவர்கள் யார் யார், எந்தப் பிரிவு என்று அவருக்கு ஒரு பட்டியலே மனப்பாடம். இடுப்பில் தம்பியோடு வந்த பெண் என்றால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்கிறார். எந்த நிறுத்தம் என்று சொல்லுங்கள். சித்தி மகனிடம் போன் போட்டுக் கேட்கிறேன், அவர் அந்தப் பக்கம்தான் ஆட்டோ ஓட்டுகிறார்.

பாம்பன் காற்று

சுள்ளியா தாண்டி, அரந்தோடுக்குக் கொஞ்சம் முன்னால். டீக்கடையை ஒட்டி ஒரு சின்ன நிழற்குடை, எதிரில் ரப்பர் தாள் காயப்போட்ட ஒரு வீடு. பஸ் மடிக்கேரிப் பக்கம் போகிற பஸ். பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலை, இடது கையில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. வேறு என்ன சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள், நான் யோசித்துச் சொல்கிறேன்.